மருந்து கேட்கிறதா? எலும்புப் புற்று நாட்குறிப்பு

ஏப்ரல் 13

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பிள்ளைக்கு முழங்கால் பக்கம் வீங்கினால் விளையாட்டில் அடிபட்டது என்று எண்ணெய்க் கட்டு போட்டு உருவிவிடுவார்கள். அது ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றாக இருந்தால் அரித்துப்போன எலும்பு அந்த அழுத்தத்திலேயே முறியும். வலி ராத்திரியில் கூடினால், மூன்று வாரத்தில் அடங்காவிட்டால், கட்டை அவிழ்த்து எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.

கீமோ தொடங்கும் முன் ரத்தத்தில் எல்டிஎச், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற இரண்டு நொதிகளின் அளவையும் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். இவை கூடியிருந்தால் நோயின் சுமை பெரிது என்று பொருள். ஆனால் வளரும் பிள்ளைக்கு ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் இயல்பாகவே பெரியவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும். லேப் ரிப்போர்ட்டில் பெரியவர்களுக்கான அளவைப் போட்டு ‘அதிகம்’ என்று அச்சடித்திருந்தால் அதை நம்பக்கூடாது, வயதுக்கான அளவோடு ஒப்பிட வேண்டும். கடைசிவரை ஒரே லேபில் பார்ப்பது நல்லது.

ஏப்ரல் 21

இரண்டு சுற்று கீமோ முடிந்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி: “கட்டி அப்படியேதான இருக்கு, மருந்து கேக்கலையா டாக்டர்?”

இந்த நோயில் கட்டியின் அளவு சாட்சி சொல்லாது. புற்றுச் செல்கள் தாமே எலும்புச் சத்தைச் சுரந்து வைத்திருக்கின்றன. செல் செத்தாலும் அந்தச் சட்டகம் கரையாமல் நிற்கும், சுண்ணாம்பு ஏறி இன்னும் கெட்டியாகக்கூடச் செய்யும். எலும்பில் வரும் இன்னொரு புற்றான யூவிங் சார்கோமா அப்படியல்ல, அதில் சதைப்பகுதி கண்கூடாகச் சுருங்கும். ஆஸ்டியோசார்கோமாவில் வலி குறைவது, ஏறியிருந்த ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் இறங்குவது, பெட் ஸ்கேனில் சர்க்கரை உறிஞ்சுவது மங்குவது ஆகியவை ஓரளவு நம்பத்தகுந்த குறிகள். திசுவுக்குள் நீர் நகர்வதைக் காட்டும் எம்ஆர்ஐயின் டிஃப்யூஷன் படமும் உதவும். செல் செத்த இடத்தில் நீர் தடையின்றி நகரும், அந்த நகர்வின் அளவு ஏறும். ஆனால் குருத்தெலும்பு மிகுந்த வகையில் உயிருள்ள கட்டியிலேயே அந்த அளவு கூடுதலாக இருக்கும். பயாப்சியில் என்ன வகை என்று பார்க்காமல் படத்தை மட்டும் படித்தால் ஏமாந்துபோவோம்.

ஏப்ரல் 28

சித்திரைத் திருவிழா வருகிறது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது. டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகளை ஏற்றிய 10 முதல் 14 நாளுக்குள் கிருமியை எதிர்க்கும் வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்கள் திருவிழாவோடு மோதினால் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்கவைக்க வேண்டும். 100.4 டிகிரி காய்ச்சலுக்குக் காலைவரை காத்திருக்கக் கூடாது. சுற்றுகள் தள்ளிப்போனால், மருந்து கேட்காததற்குக் கட்டி காரணமா, இடைவெளி காரணமா என்று பிறகு பிரித்தறிய முடியாது.

மே 9

மருந்து கேட்டதா என்பதற்கு உண்மையான விடை, முதல் கீமோ சுற்றுகள் முடிந்து செய்யும் அறுவைக்குப் பிறகு, வெட்டி எடுத்த எலும்புக்குள் இருக்கிறது. அதைப் படிக்கும் முறையில்தான் தவறு நிறைய நடக்கிறது.

கட்டி மிக அகலமாக இருக்கும் தளத்தில் எலும்பை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்து, அரை சென்டிமீட்டர் தடிப்பில் ஒரு பலகை எடுக்க வேண்டும். ரம்பத்தூளைக் கழுவாவிட்டால் அது ஸ்லைடில் ஒட்டிக் கண்ணைக் குழப்பும். படம் எடுத்து, அதன் மேல் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் கொடுத்து, முழுப் பலகையையும் துண்டுகளாக்க வேண்டும். திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் நன்றாக ஊறிய பிறகே, எலும்பை ஸ்லைடுக்கு மெல்லியதாகச் சீவ வசதியாகச் சுண்ணாம்பு நீக்கம். அவசரப்பட்டு நைட்ரிக் அமிலத்தில் போட்டால் உட்கருவின் சாயம் போய்விடும், உயிருள்ள செல்லும் செத்ததுபோல் தெரியும். ஃபார்மிக் அமிலம் மெதுவானது, ஆனால் நேர்மையானது. மரபணுச் சோதனைக்கென்றால் ஒரு துண்டை, மரபணுவைக் கெடுக்காமல் சுண்ணாம்பை நீக்கும் ஈடிடிஏ கரைசலில் தனியாக வைக்க வேண்டும்.

உயிர் ஒளிந்திருக்கும் இடங்கள் தெரிந்தவைதான்: வெளியே பிதுங்கிய சதைப்பகுதி, எலும்பின் கெட்டி ஓடு, மூட்டுக் குருத்தெலும்புக்கு அடியில், தசைநார் ஒட்டுமிடம், ரத்தம் கசிந்த ஓரம். பலகைக்கு வெளியே இருந்தாலும் அங்கிருந்து துண்டு எடுத்தே ஆக வேண்டும். ஆனால் சதவீதக் கணக்கில் கவனம் தேவை; சந்தேக இடங்களுக்கு மட்டும் முக்கியம் கொடுத்து எண்ணினால் எண் தவறும்.

ஒரு மாதிரிக் கணக்கு: பலகையில் 40 துண்டு. 30ல் உயிரே இல்லை, 6ல் 10 சதவீதம், 4ல் 50 சதவீதம் உயிர். சராசரி 6.5, அதாவது 93.5 சதவீதம் செத்திருக்கிறது. இதே எலும்பில் சந்தேகமான அந்த 4 துண்டோடு வெறும் 6 வெற்றுத் துண்டை மட்டும் எடுத்தால் உயிர் 20 சதவீதம், செத்தது 80 என்று வரும். எலும்பு ஒன்றுதான், வெட்டிய விதம் வேறு.

மே 16

90 சதவீதமும் அதற்கு மேலும் செத்திருந்தால் நல்ல பதில் என்பது வழக்கம். செத்த சதவீதத்தை நிலைகளாகப் பிரிக்கும் ஹூவோஸ் முறையில் 50க்குக் கீழே முதல் நிலை, 50 முதல் 89 இரண்டாம் நிலை, 90 முதல் 99 மூன்றாம் நிலை, உயிரே தென்படாதது நான்காம் நிலை. 89க்கும் 91க்கும் நடுவே பெரிய மதில் இல்லை, ரிப்போர்ட்டில் எண்ணை அப்படியே எழுதுங்கள்.

எண் குறைந்தால் மருந்தைக் கூட்டலாமே என்று தோன்றும். யூராமோஸ்-1 என்ற ஆஸ்டியோசார்கோமா ஆய்வில் அப்படித்தான் பார்த்தார்கள். பதில் சரியில்லாத 618 பேரில் ஒரு பாதிக்கு முன்பு கொடுத்த அதே மூன்று மருந்து (மெத்தோட்ரெக்ஸேட், டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின்), மறு பாதிக்குக் கூடவே ஐஃபாஸ்ஃபமைடு, எட்டோபோசைடு என்ற இன்னும் இரண்டு மருந்து. 2016ல் முடிவு வெளியானது: நோய் திரும்புவது குறையவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. ஆகவே குறைந்த எண்ணைப் பார்த்ததும் புது மருந்துச் சீட்டு எழுதக்கூடாது. தொடங்கிய மருந்தை முடிக்க வேண்டும், நுரையீரல் ஸ்கேனைத் தவறவிடாமல் பார்க்க வேண்டும். பயாப்சியின் மெழுகுத் துண்டுகளையும், கட்டம் போட்ட படத்தின் நகலையும் வீட்டார் கேட்டு வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளலாம்; வேறு ஊருக்குச் சிகிச்சை மாறினால் முதலில் கேட்பது அவற்றைத்தான்.