பி.டி.என்.எஃப். இல்லாத சுண்டெலிக் குட்டிகளோடு பட்ட பாடு

நரம்புசெல்களைப் பிழைக்கவைக்கும் ஒரு புரதம் பி.டி.என்.எஃப். (மூளையிலிருந்து பெறப்பட்ட நரம்பு வளர்ச்சிக் காரணி). அதன் மரபணு இல்லாத சுண்டெலியில் எந்த நரம்புசெல்கள் பிழைக்கின்றன, எவை சாகின்றன என்று எண்ணிப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. கேட்கச் சுலபம்தான். மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ள ஆணையும் பெண்ணையும் சேர்த்தால், பிறப்பதில் நாலில் ஒரு குட்டிக்கு இரண்டு பிரதியும் இருக்காது. ஆனால் அவற்றில் பல, பிறந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் செத்துவிடும். வழக்கம்போலத் தாயிடமிருந்து பிரிக்கும் 21ஆம் நாள்வரை காத்திருந்து சோதித்தால் நமக்கு வேண்டிய குட்டி அநேகமாகக் கூண்டில் இருக்காது, செத்ததைத் தாயே தின்றுவிடுவதால் தடயம்கூட மிஞ்சாது.

அதனால் முதல் சில நாட்களிலேயே வால் நுனியில் கொஞ்சம் எடுத்து டி.என்.ஏ. பிரித்துவிடுவேன். அப்புறம் பி.சி.ஆர்., அதாவது டி.என்.ஏ.வில் வேண்டிய துண்டை மட்டும் பெருக்கும் முறை. ஒரே குழாயில் மூன்று பிரைமர் (டி.என்.ஏ.வில் ஒட்டிப் பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டு): ஒன்று பொது, ஒன்று இயல்பான மரபணுவில் மட்டும் ஒட்டும், இன்னொன்று அதற்குப் பதிலாகச் செருகிய, நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுவில் மட்டும். இதில் ஒரு வம்பு உண்டு. குட்டையான துண்டு வேகமாகப் பெருகி நீளமானதை அமுக்கிவிடும், துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரு பேண்ட் (கோடு) மங்கிப் போய், ஒரு பிரதி உள்ள குட்டி வேறு வகைபோலத் தெரியும். வகை தெரிந்த ஒரு குட்டியின் டி.என்.ஏ.வைப் பக்கத்திலேயே ஓட்டாமல் எந்த ஜெல்லையும் நான் நம்புவதில்லை.

இரண்டாவது வாரத்தில் ஜெல்லே தேவையில்லை என்று தோன்றும். குட்டி சின்னதாக இருக்கும், தலை ஆடும், சுற்றிச் சுற்றி வரும், புரட்டிப் போட்டால் நிமிரத் தடுமாறும். உள்காதிலிருந்து சமநிலைச் செய்தியைக் கொண்டுபோகும் நரம்புமுடிச்சில் பெரும்பாலான செல்கள் செத்துப்போயிருப்பதுதான் காரணம். அந்த முடிச்சை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, எது எந்த வகைக் குட்டி என்று தெரியாமலே எண்ணினேன். தெரிந்துகொண்டு எண்ணினால் கண் தானாகவே ஒரு பக்கம் சாயும். எண்ணுவதில் பொறுமை போய்விடும், அது வேறு கதை.

தண்டுவடத்தின் இயக்க நரம்புசெல்களோ ஏறக்குறைய முழுசாக இருந்தன. 1982இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்து மூளையின் பெயரையே வைத்த காரணி இது, ஆனால் அது இல்லாமல் பிறந்த குட்டியின் மூளை அமைப்பு பெரிதாகக் குலைவதில்லை, அடி வாங்குவது உணர்வு நரம்புகள்தான்.

ஒரு பிரதி உள்ள எலிகளைச் சிலர் இயல்பானவையாகவே கணக்கில் சேர்ப்பதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. வளர்ந்தபின் அவை அதிகம் தின்று குண்டாகின்றன, ஆண்கள் சண்டை போடுகின்றன. ஒப்பீட்டுக்கு அதே ஈற்றில் இரண்டு பிரதியும் உள்ள குட்டிகளையே எடுத்தேன்.