முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டாம்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். அம்மா வலியில் முனகிக்கொண்டே இருந்தார். பார்க்கப் பொறுக்காமல் இடது முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகினேன். “இப்பத்தான் உசிரு வந்துச்சு பாப்பா” என்றார். அந்நேரம் பார்த்து உள்ளே வந்த பிசியோ பெண், “ஆன்ட்டி, பந்தால் தா போலே!” (தலையணை கூடாது) என்று மலாயில் சொல்லி அதை உருவி எடுத்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

பிறகு உட்கார்ந்து விளக்கினாள். மடங்கியிருப்பதுதான் அந்த முழங்காலுக்குச் சுகம். புண் ஆறும் வாரங்களில் அப்படியே விட்டால் பின்பக்கத்துச் சவ்வும் தசையும் இறுகிப்போகும். அப்புறம் கால் முழுதாக நீளாது. நீளாத காலோடு நடந்தால் தொடைத் தசைக்கு ஓய்வே கிடையாது, சீக்கிரம் களைத்துவிடும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைக்கச் சொன்னாள். முழங்கால் அந்தரத்தில் நின்று, தன் கனத்திலேயே மெல்ல இறங்கும். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் விரல் தடம் பதிந்திருக்கும்.

அம்மா மலேசியாவின் கெடா மாநிலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து, மேடும் பள்ளமுமான மர நிரையில், தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்த கால்கள். மூட்டு தேய்வதற்கு வயது, எடை, பரம்பரை என்று பல காரணம் சேரும் என்றார் டாக்டர். எனக்கென்னவோ அந்த வாளிகள்தான் கண்ணில் நிற்கின்றன.

பயத்திலேயே ஆறு வருடம் தள்ளிப்போட்டார். “முட்டியையே வெட்டி எடுத்துடுவாங்களாம்” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மையில், தேய்ந்த எலும்பு முனைகளை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் சீவி, உலோக உறை போட்டு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் தகடு வைக்கிறார்கள். பல்லுக்கு உறை போடுவது மாதிரி என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அம்மா தலையாட்டினார். அந்த ஆறு வருடமும் பினாங்குத் தைப்பூசத்தில் வெள்ளி ரதத்தைப் பார்ப்பதோடு சரி. தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் கீழேயிருந்தே கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார்.

வீட்டுக்கு வந்ததும் பிளாட்டில் லிஃப்ட் நிற்காத மாடிக்கு ஒரு தளம் ஏற வேண்டியிருந்தது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். கைப்பிடியை விடக்கூடாது. அம்மா முதல் நாள் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறினார்.

பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் தலையணையை எடுத்தார்கள். எல்லாம் பாசம்தான், என்னுடையதைப் போல. ஒவ்வொருவரிடமும் வாங்கி அலமாரிக்குள் வைத்தேன். பெரியம்மா கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பதினோராம் வாரம் கால் கட்டிலோடு ஒட்டிப் படிந்தது. முழங்காலுக்கு அடியில் என் உள்ளங்கை நுழையவில்லை. வலது முழங்காலுக்கும் தேதி கேட்கச் சொல்லியிருக்கிறார் அம்மா.