இத்தாலியின் அறியப்படாத திராட்சைகள்: ஒயின் தேர்வுக்கு மண்ணிலிருந்து படிப்பது எப்படி

ஒயின் தேர்வுக்குப் படிக்கும் யாரிடமாவது எந்த நாடு கஷ்டம் என்று கேட்டால் பெரும்பாலும் இத்தாலி என்றுதான் சொல்வார்கள். 20 பிராந்தியங்கள், நூற்றுக்கணக்கான உள்நாட்டு ரகங்கள், ஊருக்கு ஊர் மாறும் பெயர்கள். நெபியோலோ, சாஞ்சியோவேஸே, பார்பெரா மூன்றையும் எல்லோரும் படித்துவிட்டுத்தான் வருவார்கள். மதிப்பெண்ணில் வித்தியாசம் விழுவது டிமோராசோ, ஸ்கியோப்பெட்டினோ, கல்யோப்போ மாதிரி ரகங்களில். நான் சிங்கப்பூரில் ஒரு ஹோட்டல் ரெஸ்டாரன்டில் ஒயின் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே முதலில் இத்தாலியன் ஒயின் ஸ்காலர், அதன் பிறகு டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற ஒயின் கல்வி அமைப்பின் டிப்ளோமா என்று இரண்டு தேர்வுகள் எழுதினேன். இப்போது படிக்கிறவர்களுக்கு உதவும் என்று எனக்குக் கைகொடுத்த முறையை எழுதுகிறேன்.

ரகங்களை அகர வரிசையிலோ, பிராந்திய வாரியாகவோ பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். பட்டியல் ஒரு வாரம் நிற்கும், அப்புறம் கலைந்துவிடும். மண்ணை முதலில் படியுங்கள். ஒரு வெற்றுத் தாளில் இத்தாலியை வரைந்து ஆல்ப்ஸ், அப்பென்னைன் இரண்டு மலைத்தொடர்களையும் போடுங்கள். பனிப்பாறைகள் தள்ளிக் கொண்டுவந்து குவித்த மண் எங்கே, பழைய கடலடி எங்கே மேலே எழும்பியிருக்கிறது, எரிமலை எங்கே, வெறும் மணல் எங்கே, கிரானைட் எங்கே என்று தனித்தனி நிறத்தில் குறியுங்கள். இது முடிகிற வரை ஒரு ரகத்தின் பெயர்கூடத் தாளில் வேண்டாம். பிறகு ரகங்களை அதன் மேல் வைத்தால், ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்ற கேள்வியோடுதான் மனதில் பதியும். டிப்ளோமா மாதிரி விரிவாக எழுதும் தேர்வில் கேட்பதும் அந்த ‘ஏன்’தான்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வடமேற்கு இத்தாலியில் பியெட்மான்ட் பிராந்தியத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் டோர்டோனா. புவியியலில் டோர்டோனியன் என்று ஒரு காலகட்டம் உண்டு. சுமார் 1 கோடியே 16 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 72 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அந்தப் பெயரே இந்த ஊரிலிருந்து வந்ததுதான். அப்போது கடலடியில் படிந்த நீலச்சாம்பல் நிற மார்ல், அதாவது சுண்ணாம்பு கலந்த களிமண், டோர்டோனா குன்றுகளில் கிடக்கிறது. பக்கத்திலிருக்கும் சாந்த் அகாத்தா ஃபோசிலி என்ற கிராமத்தின் பெயரையே அந்த மார்லுக்கு வைத்திருக்கிறார்கள். இதே மார்ல்தான் நெபியோலோவுக்குப் பேர்போன பரோலோவில் லா மோர்ரா பக்கத்துச் சரிவுகளிலும் இருக்கிறது. ஆக, உலகமே கொண்டாடும் நெபியோலோவின் மண்ணும், பலர் பெயரே கேட்டிராத டிமோராசோவின் மண்ணும் ஒரே கடலிலிருந்து வந்தவை. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் இரண்டு ஊர்களும் மறக்காது.

டிமோராசோ வெள்ளை ரகம். பூ சரியாகப் பிடிக்காது, விளைச்சல் ஒரு வருடம் போல் மறுவருடம் இருக்காது. அதனால் விவசாயிகள் கொர்டேஸே, பார்பெரா பக்கம் போய்விட்டார்கள். 1980களில் வால்டர் மாசா என்ற உற்பத்தியாளர் இதைத் தனி ஒயினாகச் செய்யத் தொடங்கியிருக்காவிட்டால் இன்று நாம் இதைப் பற்றிப் பேசவே மாட்டோம். டோர்டோனாவின் ரோமானியப் பெயரான டெர்தோனா என்ற பெயரில்தான் இப்போது இந்த ஒயின் விற்பனைக்கு வருகிறது. இளசாகக் குடித்தால் எலுமிச்சை, பேரிக்காய், நல்ல கனம், நாக்கின் ஓரங்களைச் சுண்டும் புளிப்பு. சில வருடங்கள் பாட்டிலில் கிடந்தால் தேன் வாசனையோடு லேசான மண்ணெண்ணெய் வாசமும் எழும். லேபிளை மறைத்துச் சுவைக்கத் தரும்போது பலரும் இதை ரீஸ்லிங் என்ற ஜெர்மன் வெள்ளை ரகம் என்றே எழுதுவார்கள். இதில் வாயில் உணரும் கனமும் ஆல்கஹாலும் அதிகம் என்பதைக் கவனித்தால் பிரித்துவிடலாம்.

மண்ணைப் பற்றி எழுதும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ‘சுண்ணாம்பு மண், அதனால் ஒயினில் சுண்ணாம்புச் சுவை’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள். கொடியின் வேர் பாறையின் சுவையை உறிஞ்சிப் பழத்தில் கொண்டுபோய் வைப்பதில்லை. மண் செய்யும் வேலை வேறு: எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, எவ்வளவு வேகமாக வடிய விடுகிறது, எவ்வளவு சூடாகிறது, எவ்வளவு சத்துக் கொடுக்கிறது. மார்ல் என்றால் கோடையிலும் ஈரம் காக்கும், கொடி வாடாமல் நிற்கும், பழம் நிதானமாகப் பழுக்கும். இப்படிக் காரணத்தையும் விளைவையும் அடுத்தடுத்துக் கோத்து எழுதினால்தான் மதிப்பெண். கம்பானியாவில் கிரேகோ டி துஃபோ விளையும் துஃபோ கிராமத்தில் கந்தகச் சுரங்கம் இருந்தது. அதை வைத்து ஒயினில் கந்தக வாசம் வருகிறது என்று பலர் எழுதுகிறார்கள். சுரங்கம் உண்மை. அங்கிருந்து கிளாஸ் வரைக்கும் நேர்கோடு போடுவது ஊகம். விடைத்தாளில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

மணலுக்கும் எரிமலைக்கும் ஒரே பாடம் போதும், அதன் பெயர் ஃபிலோக்ஸெரா. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த இந்த வேர்ப்பூச்சியால் மணலில் நகர முடியாது. அதனால்தான் நேப்பிள்ஸுக்கு மேற்கே கம்ப்பி ஃபிளெக்ரேயின் எரிமலை மணலில் ஃபலங்கீனாவும் பியெடிரோசோவும் இன்றும், இந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டாமல், சொந்த வேரில் நிற்கின்றன. சார்டீனியாவின் தென்மேற்கில் சூல்ச்சிஸ் கடலோர மணலில் கரின்யானோவுக்கும் அதே கதை. சிசிலியின் எட்னா எரிமலையில் மணல் ஆழமாக இருக்கும் இடங்களில் மிகப் பழைய கொடிகள் தப்பியிருக்கின்றன. ஆல்ப்ஸில் மோர்ஜே பக்கம் ப்ரியே ப்ளான் என்ற வெள்ளை ரகம் சுமார் 1,200 மீட்டர் உயரம் வரை, தரையை ஒட்டித் தாழ்வாகப் போட்ட பந்தலில், சொந்த வேரில் வளர்கிறது. அங்கே உயரமும் குளிரும் ஒதுக்குப்புறமும் சேர்ந்து காப்பாற்றியிருக்கின்றன. நான்கு ஊர், ஒரே கேள்வி. வரைபடத்தில் இவற்றை ஒரு கோட்டால் இணைத்து வைத்தேன், தேர்வில் அது நேரடியாக உதவியது.

எரிமலை என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. எட்னா இன்றும் புகைகிறது. கிழக்குச் சரிவில் மழை அதிகம், அங்கே மிலோவில் கர்ரிகாந்தே. வடக்குச் சரிவில் நெரெல்லோ மஸ்கலேஸே. பசிலிகாத்தாவின் வூல்துரே அணைந்துபோன எரிமலை, அங்கே அல்யானிகோ. வட பியெட்மான்டின் கட்டினாராவில் இருப்பதோ சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைப் பாறை, அமிலத்தன்மை கூடிய மண். அங்கே நெபியோலோவோடு, அதன் வாரிசான வெஸ்போலினாவும் வளர்கிறது. பக்கத்திலேயே இவ்ரேயாவில் பனிப்பாறை குவித்த மேட்டில் எர்பலூச்சே. சார்டீனியாவின் கல்லூராவில் சிதைந்த கிரானைட் மேல் வெர்மென்டினோ. இவற்றை வரைபடத்தில் பார்த்தாலே போதும், நீண்ட குறிப்புத் தேவையில்லை.

வடகிழக்கு மூலையில் இருக்கும் ஃப்ரியூலிக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுங்கள். ஸ்லோவேனியா எல்லையை ஒட்டிய குன்றுகளில் போன்கா என்ற மண். மார்லும் மணற்கல்லும் அடுக்கடுக்காக மாறிமாறி வரும் பழைய கடலடி அது. வெட்டும்போது கல் போல இருக்கும், மழையும் வெயிலும் பட்டால் பொடிப்பொடியாக உதிரும். ப்ரெப்போட்டோ பக்கத்து ஸ்கியோப்பெட்டினோ இந்த மண்ணின் பிள்ளை, மிளகு வாசம் தூக்கலான சிவப்பு ஒயின். 1970களில் இதை நடுவதற்குச் சட்டப்படி அனுமதியே இல்லை. ரோங்கி டி சியாலா தோட்டத்தின் ரப்பூட்சி குடும்பம் அங்கங்கே மிஞ்சியிருந்த கொடிகளைத் தேடிச் சேர்த்து நட்டது. 1976ல், கிராப்பா மது காய்ச்சும் நோனினோ குடும்பம் நிறுவிய விருது அவர்களுக்குக் கிடைத்து, விவகாரம் வெளியே தெரிய, பின்னர் அனுமதியும் வந்தது. ஒரு திராட்சை பிழைப்பதற்கு மண் மட்டும் போதாது, பிடிவாதமான மனிதர்களும் வேண்டும் என்று இதைப் படிக்கும்போது எனக்கு உண்மையாகவே நெகிழ்ந்தது. பெகோரினோ என்ற வெள்ளை ரகத்துக்கும் அப்படி ஒருவர் உண்டு. 1980களில் அர்க்வாத்தா டெல் டிரோன்டோவின் பழைய மலைத் தோட்டமொன்றிலிருந்து அதை மீட்டு வந்த குயிடோ கோச்சி கிரிஃபோனி.

அடுத்து பூர்வீகம். நோட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ஊர்க்கதை, மறுபக்கம் டி.என்.ஏ. என்று எழுதுங்கள். அல்யானிகோ கிரேக்கர்கள் கொண்டுவந்தது என்பது ஊர்க்கதை. இன்றைய கிரேக்க ரகங்களோடு நெருங்கிய உறவு எதையும் டி.என்.ஏ. காட்டவில்லை. இன்னொரு பக்கம், எட்னாவின் நெரெல்லோ மஸ்கலேஸேவும் கலாப்ரியாவில் சிரோ ஊரின் கல்யோப்போவும் உடன்பிறப்புகள். இரண்டுக்கும் பெற்றோர் சாஞ்சியோவேஸேயும் மந்தோனிகோ பியாங்கோவும். ஒன்று எரிமலை மேல், மற்றொன்று அயோனியன் கடலோரக் களிமண்ணிலும் மணலிலும். ஆனாலும் இரண்டிலும் வெளிறிய நிறம், வாயைத் துவர்க்க வைக்கும் இறுக்கமான டானின். இந்த உறவு தெரிந்தால் இரண்டு ஒயினின் சுவைக் குறிப்பையும் ஒருசேர நினைவில் வைக்கலாம். வடக்கே டெரோல்டெகோ, நோச்சே ஆறு கொண்டுவந்து பரப்பிய சரளையில், கம்ப்போ ரோட்டலியானோ சமவெளியில் வளர்கிறது. போல்சானோவின் லாக்ரைன் அதன் வாரிசு.

பெயர்க் குழப்பத்துக்கென்று தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நான் அதற்கு ‘ஒரே பேர் வேற ஆள், ஒரே ஆள் வேற பேர்’ என்று தலைப்பு வைத்தேன். சான் ஜிமின்யானோவின் வெர்னாச்சா வெள்ளை, செர்ரபெட்ரோனாவின் வெர்னாச்சா கறுப்பு, ஓரிஸ்டானோவின் வெர்னாச்சா வேறொன்று. ஃபலங்கீனாவிலேயே ஃபிளெக்ரேயா, பெனவென்டானா என மரபணுவில் வெவ்வேறான இரண்டு. லிகூரியாவின் பிகாட்டோ, பியெட்மான்டின் ஃபவோரிட்டா, சார்டீனியாவின் வெர்மென்டினோ மூன்றும் ஒன்றேதான். ரோசேஸே டி டோல்சியாக்வா எல்லை தாண்டிப் போனால் ப்ரோவான்ஸின் டிபூரென். லாக்ரிமா டி மோர்ரோ டால்பா என்று பார்த்ததும் பியெட்மான்டின் ஆல்பாவுக்குப் போய்விடாதீர்கள். அது மத்திய இத்தாலியின் மார்க்கே பிராந்தியத்தில் இருக்கிறது. விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் இந்தப் பக்கத்திலிருந்துதான் பொறி வைப்பார்கள்.

டி.ஓ.சி.ஜி. என்பது இத்தாலிய ஒயினின் மிக உயர்ந்த சட்டத் தகுதி. அதன் அறிவிப்பு வருடங்களுக்கு நான் அதிக நேரம் செலவழிக்கவில்லை. 2005ல் சிசிலிக்கு செரசுவோலோ டி விட்டோரியா கிடைத்தது, அந்தத் தீவின் முதல் டி.ஓ.சி.ஜி. அதுதான் என்கிற மாதிரி முக்கியமான சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். மிச்ச நேரத்தைச் சுவைப்பதில் போடுங்கள். நம் ஊர்ப்பக்கக் கடைகளில் இந்த ஒயின்கள் சுலபத்தில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கடிக்கும். கூடப் படிக்கிறவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஆளுக்கொரு பாட்டில் என்று பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஜோடி ஜோடியாக வாங்குங்கள்: நெரெல்லோ மஸ்கலேஸேவும் கல்யோப்போவும் ஒரே மாலையில், டெரோல்டெகோவும் லாக்ரைனும் இன்னொரு மாலையில். டிமோராசோ வாங்குவதானால் ஒரே தயாரிப்பாளரின் இளைய பாட்டில் ஒன்று, ஐந்தாறு வருடம் பழையது ஒன்று என்று எடுங்கள். காசு கொஞ்சம் அதிகமாகும், ஆனால் அந்த மண்ணெண்ணெய் வாசம் எப்போது எழுகிறது என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.