நெல்லுக் களஞ்சியத்துக்கு எந்தப் போர்க்லிப்ட்: டீசலா, பற்றரியா?

கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்து அரிசி ஆலைக்காரர் போர்க்லிப்ட் வாங்கும்போது முதலில் விலையைத்தான் பார்க்கிறார்கள். வண்டி எத்தனை மாதம் சும்மா நிற்கும் என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். பெரும்போக நெல் வரும் மாசி, பங்குனியில் ஓய்வில்லாத ஓட்டம். பிறகு வாரக்கணக்கில் வேலை இராது.

முற்றம் கிரவலாக இருந்து, மழையிலும் லொறி இறக்கவேண்டுமென்றால் டீசல்தான் சரி. 2.5 தொன் வண்டிக்கு மணிக்கு ஏறத்தாழ 3 லீற்றர் போகும். மூடிய களஞ்சியத்துக்குள் மட்டும் அதை விடாதீர்கள். புகை ஆளுக்கும் ஆகாது, அரிசியிலும் மணக்கும். உமித்தூசி றேடியேற்றரை அடைத்து எஞ்சினைச் சூடாக்கும். பின்னேரத்தில், விசிறிக் காற்று போகும் திசைக்கு எதிராகக் காற்றடித்து விடவேண்டும்.

காஸ் வண்டியை நான் சொல்லமாட்டேன். அதன் சிலிண்டர் காஸைத் திரவமாகக் கொடுப்பது, வீட்டுச் சிலிண்டரைப் பூட்டிச் சமாளிக்க ஏலாது. 2022இல் டீசலோடு காஸுக்கும் வரிசையில் நின்ற ஊர் இது.

ஈயப் பற்றரி விலை குறைவு, ஆனால் பராமரிப்புக் கேட்கும். ஒரு ஷிப்ட் ஓடினால் 8 மணி சார்ஜ், அதற்குப் பிறகு ஆறவும் விடவேண்டும். சார்ஜில் 80 வீதத்துக்கு மேல் பாவித்து இறக்கக்கூடாது. காய்ச்சி வடித்த நீரைச் சார்ஜ் முடிந்த பிறகுதான் விடவேண்டும். முன்னரே நிரப்பினால் சார்ஜில் அமிலம் பொங்கி வழியும். பற்றரிக்குள் இருக்கும் ஈயத் தகடு நீருக்கு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூடுமளவுக்கு முதலில் கொஞ்சம் விடலாம். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, அதைத் தொடவே வேண்டாம். சார்ஜில் ஐதரசன் வெளியேறும். காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும், அதனால் கூரையடியில் காற்றோட்டம் இருக்கவேண்டும். தகரக் கூரை வெக்கையும் பற்றரியைத் தின்னும்: 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். சார்ஜ் இறங்கியபடி மாதக்கணக்கில் விட்டால் தகட்டில் சல்பேற்று இறுகி, திரும்ப எழும்பாது.

இரண்டு ஷிப்ட் ஓட்டமும் நீண்ட ஓய்வும் உள்ள ஆலைக்கு லிதியம்தான் என் தெரிவு. தேநீர் நேரத்திலும் சார்ஜ் போடலாம், தண்ணீர் வேலை இல்லை. ஓய்வில் பாதிச் சார்ஜோடு இணைப்பைக் கழற்றி வையுங்கள். 48 வோல்ற், 200 அம்பியர் சார்ஜருக்குத் திறீ பேஸ் தேவை. 30 அம்பியர் இணைப்பில் ஆலை மோட்டரையும் அதையும் சேர்த்து ஓட்டினால் பிரேக்கர் விழும். பழைய வண்டிக்குள் லிதியம் மாற்றுகிறவர்கள் வண்டியின் விபரத் தகட்டில் உள்ள மிகக்குறைந்த பற்றரி நிறையைப் பாருங்கள். 600 அம்பியர்-மணி ஈயப் பற்றரி ஏறத்தாழ ஒரு தொன், முன்னால் தூக்கும் சுமையைச் சமன்செய்யும் எதிர்ப்பாரத்தில் அதுவும் ஒரு பங்கு. குறையும் நிறையை இரும்பு போட்டு ஈடுசெய்யாவிட்டால், மூட்டையோடு பின்சக்கரம் எழும்பும்.