பதினோரு ரூபாய் முடிச்சு

மதுரையிலிருந்து பாதயாத்திரை கிளம்பி நான்காவது நாள். ஒட்டன்சத்திரத்தில் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்தபோது, பழனிக்கு இன்னும் 30 கிலோமீட்டர் இருந்தது. காய்கறி மார்க்கெட் பக்கம் லாரிகளில் முருங்கைக்காய்க் கட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் நின்று, "அரோகரா சாமி!" என்றார். நானும் சொன்னேன். இந்தப் பாதையில் பச்சை வேட்டி கட்டிவிட்டால் எல்லோருக்கும் ஒரே பேர்தான்.

விருப்பாட்சியில் விடிந்தது. வேலு நாச்சியாருக்குக் கோபால் நாயக்கர் அடைக்கலம் கொடுத்த ஊர். ஆனால் அன்றைக்கு என் கவனமெல்லாம் வலது குதிகாலில்தான். கொப்புளம் நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. குழுவில் மூத்தவர் ஊசியில் நூலைக் கோத்து, ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் இழுத்தார். இரண்டு முனையும் வெளியே தொங்கும்படி நூலை உள்ளேயே விட்டுவிட்டார். "நூல் வழியா நீர் வடிஞ்சிடும். தோலை மட்டும் உரிச்சுடாதீங்க சாமி." பத்து நிமிஷத்தில் காலை ஊன்ற முடிந்தது.

மேற்கே நடப்பதால் காலையில் வெயில் முதுகில் இருக்கும். இடது கையோரம் கொடைக்கானல் மலைத்தொடர் கூடவே வரும். சத்திரப்பட்டி அன்னதானப் பந்தலில் புளியோதரை, சுக்குக் காபி. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு திருப்பத்தில் பழனிமலை தெரிந்தது. குழு மொத்தமும் கையைத் தூக்கிக் கத்தியது. அப்புறம்தான் சோதனை. மலை தெரிகிறது, கிட்டே வரவே மாட்டேன் என்கிறது. இரண்டு குன்றுகளைக் காவடியாகத் தூக்கி வந்த இடும்பன் இங்கே இறக்கிவைத்தான் என்று கதை. அவனுக்கும் குதிகால் வலித்திருக்கும் என்று பட்டது.

ஆயக்குடியில் கொய்யா விற்கும் அம்மா ஒருவர் பழத்தை நான்காகக் கீறி, மிளகாய்ப்பொடி உப்பு தடவிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. முந்தானையிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்து நீட்டினார். "பதினோரு ரூவா இருக்கு. என் பேருல உண்டியல்ல போட்டுருங்க சாமி."

"பஸ் ஏறினா பக்கம்தானேம்மா, நீங்களே போடலாமே?"

"போவேனே, மாசாமாசம் போறேன். பஸ்ல போற காசு வேற, நடந்து போற காசு வேற."

பதில் சொல்லத் தெரியவில்லை. முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மதியத்துக்கு மேல் அடிவாரம். திருஆவினன்குடியில் கும்பிட்டுவிட்டுப் படியேறினோம். கிட்டத்தட்ட 700 படிகள். சமதரையில் நாலு நாள் நடந்த காலுக்குப் படி என்பது வேறு சங்கதி, ஒவ்வொன்றுக்கும் தொடையைக் கையால் தூக்கி வைத்தேன். தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்பே அவ்வளவு கூட்டம். வரிசை நகர்ந்து நகர்ந்து உள்ளே போனபோது ராஜ அலங்காரம். கோவணாண்டியாகப் பார்க்க நினைத்து வந்தேன். கிரீடத்தோடு நின்றான். அரை நிமிஷம்கூட இல்லை, தள்ளிவிட்டார்கள்.

வெளியே உண்டியல். வியர்வையில் நனைந்திருந்த முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே உள்ளே விட்டேன். விட்ட பிறகுதான் அந்த அம்மாவின் பேரைக் கேட்கவே இல்லை என்பது உறைத்தது.

"ஆயக்குடி, கொய்யாக்கார அம்மா" என்றேன், உண்டியலைப் பார்த்து. பின்னால் நின்றவர், "நகருங்க சாமி" என்றார்.