மாங்காய்ப் பருவத்தைத் தாண்டிய தோட்டம்

கிருஷ்ணகிரியில் எங்கள் மனைப்பிரிவின் பூங்கா இடம் பல ஆண்டுகளாகச் சீமைக்கருவேல முள்ளும் பிளாஸ்டிக் குப்பையுமாகக் கிடந்தது. அதில் காய்கறி போடலாம் என்று சில குடும்பங்கள் கூடிப் பேசியதும், முதல் வேலையாக நகராட்சிக்கு எழுதிக் கொடுத்தோம். இத்தகைய இடம் குடியிருப்போருக்குச் சொந்தம் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பெரிய மனைப்பிரிவுகளில் பூங்கா போன்ற திறந்தவெளிக்கென 10 சதவீத நிலத்தை உள்ளாட்சிக்கே தானமாக எழுதித் தந்துவிடுகிறார்கள். அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் கம்பிவேலிகூடப் போடாதீர்கள்.

மண் செம்மண், அடியில் சரளை. சணப்பை விதைத்து, பூவெடுக்கும் தருணத்தில் மடக்கி உழுது, தொழுவுரம் போட்டோம். ஆடியில் அவரை, வெண்டை, கொத்தவரை ஊன்றினோம். புரட்டாசி மழை கைகொடுத்தது. ஆட்களுக்கும் குறைவில்லை.

சோதனை சித்திரையில் வந்தது. இங்கே சித்திரை முதல் ஆனி வரை மாங்காய்ப் பருவம். தோப்பில் பறிப்பு, மண்டியில் தரம்பிரிப்பு, மாங்கூழ்த் தொழிற்சாலையில் இரவு வேலை என்று எங்கள் தன்னார்வலர்களில் பலர் ஆண்டு முழுவதற்குமான காசைச் சேர்ப்பது அந்த மாதங்களில்தான். செடி தண்ணீருக்குத் தவிப்பதும், ஆழ்துளைக் கிணறு இறங்குவதும் அப்போதுதான். முறைப்பட்டியல் எழுதி ஒட்டினோம், வாட்ஸ்அப்பில் நினைவூட்டினோம்; மனக்கசப்புதான் வளர்ந்தது. விடியுமுன் தோப்புக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறவரிடம் "இன்று உங்கள் முறை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வழி சொன்னவர், மானாவாரியில் கேழ்வரகு விளைவித்துப் பழகிய ஒரு பாட்டி. "கோடையில் எங்கள் கொல்லையும் சும்மாதான் கிடக்கும் தம்பி. இதை மட்டும் ஏன் பச்சையாக வைத்திருக்கப் பார்க்கிறீர்கள்?" என்றார்.

அதன்பிறகு பயிரை ஆட்களின் வசதிக்கு ஏற்றபடி அமைத்தோம். பங்குனி முடிவில் காய்ப்பு ஓய்ந்த செடிகளை அறுத்து, பாத்திகளின் மேல் மாஞ்சருகும் கேழ்வரகுத் தாளும் கனமாகப் பரப்பி மூடாக்குப் போட்டுவிடுகிறோம். கோடையில் நிற்பவை முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை. அவற்றுக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் போதும். குழாயடியில் வழியும் நீர் ஓடும் இடத்தில் ஒரே ஒரு சிறுகீரைப் பாத்தி. ஓய்வுபெற்ற இருவர் இவ்வளவையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

பங்கீட்டிலும் பிடிவாதமாக இருக்கிறோம். அந்த வாரம் உழைத்தவர்களுக்கு முதல் பங்கு, அடுத்தது அங்கன்வாடிக்கு. மீந்ததை வேலி ஓரத்தில் வைத்துவிடுவோம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். காய் எதையும் விற்பதில்லை. காசு வந்தால் கணக்கு வரும், கணக்கு வந்தால் சந்தேகம் வரும். வேறு ஊர்க்காரர்கள் இதை ஏற்காமல் போகலாம். எங்கள் குழு உடையாமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

மாங்காய் வேலை முடிந்ததும் ஆட்கள் தாமாகத் திரும்பிவிடுகிறார்கள். சாம்பலில் புரட்டி வைத்த அவரை விதையைக் குடும்பத்துக்கு ஒரு பிடியாகப் பிரித்துக்கொண்டு, மூடாக்கை விலக்கி, அவரவர் பாத்தியில் ஊன்றுகிறோம்.