ஓர் எழுத்தும் ஏழு மாதங்களும்: ஜெர்மனியில் நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்குத் தயாரானபோது

ஜெர்மனியில் ப்ளூ கார்டு (உயர்தகுதி பெற்ற வெளிநாட்டவர் தங்கி வேலை செய்வதற்கான அனுமதி) வைத்து வேலை பார்க்கும் நம்மவர்கள் பேச்சுவழக்கில் "பி.ஆர்." என்று சொல்வதற்கு இங்குள்ள சட்டப் பெயர் நீடர்லாசுங்ஸ்எர்லௌப்னிஸ். கால வரம்பில்லாமல் இந்நாட்டில் தங்கவும் விரும்பிய வேலையைச் செய்யவும் இது உரிமை தருகிறது. இந்தியக் குடியுரிமையையும் விட வேண்டியதில்லை. இரட்டைக் குடியுரிமையை இந்தியா ஏற்பதில்லை என்பதால், ஜெர்மானியக் குடியுரிமைக்கு மனம் ஒப்பாத என்னைப் போன்றவர்களுக்கு இதுவே போய்ச் சேர வேண்டிய இடம். 2024-ஆம் ஆண்டு முழுவதும் இதற்காக நான் தயாரான கதையைச் சற்று விரிவாக எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் இல்லாத ஒரு சிக்கல் என்னை ஐந்து மாதங்கள் அலைக்கழித்தது. தமிழ்ப் பெயர் உள்ள எவருக்கும் அது வரக்கூடும்.

முதலில் கணக்கு. ப்ளூ கார்டு உடையவர்கள் அடிப்படை நிலையான ஏ1 ஜெர்மன் மொழியறிவுடன் 27 மாதங்களிலும், இடைநிலையான பி1 தேர்ச்சியுடன் 21 மாதங்களிலும் விண்ணப்பிக்கலாம். ஏ1 தேர்ச்சிக்கு முன்பு 33 மாதங்கள் என்று இருந்ததை, 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் 27 ஆகக் குறைத்தது. இந்த மாதங்களை எண்ணும்போதுதான் பலர் தவறுகிறார்கள். விமானத்திலிருந்து இறங்கிய நாளிலிருந்தோ, அட்டை கையில் கிடைத்த நாளிலிருந்தோ எண்ணிவிட்டால் போதாது. அத்தனை மாதங்களும் தகுதிக்கேற்ற வேலையில் இருந்திருக்க வேண்டும். அத்தனை மாதங்களுக்கும் ஓய்வூதியக் காப்பீட்டுக்குச் சந்தா செலுத்தியிருக்க வேண்டும். சம்பளத்தில் 18.6 சதவீதம் அந்தச் சந்தா; பாதியை நிறுவனம் கட்டுகிறது, மறுபாதி நம் சம்பளத்தில் பிடித்தமாகிறது. இந்திய நிறுவனம் அனுப்பிவைத்து, வருங்கால வைப்பு நிதியை ஊரிலேயே கட்டிக்கொண்டு, அதற்கான சான்றிதழின் பேரில் இங்கே விலக்குப் பெற்று வேலை செய்த மாதங்கள் இந்தக் கணக்கில் சேராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்படி வந்தவர்கள் உள்ளூர் ஒப்பந்தத்துக்கு மாறிய மாதத்திலிருந்து எண்ணத் தொடங்குவதே பாதுகாப்பு.

நான் 2023 ஜனவரியில் ஸ்டுட்கார்ட்டுக்கு அருகிலுள்ள ஒரு சிறு நகரத்துக்கு வந்தேன். ஏழு மாதங்கள் ஒரு நிறுவனத்தில் இருந்துவிட்டு, ஆகஸ்டில் வேறொன்றுக்கு மாறினேன். என் கணக்குப்படி 2024 செப்டம்பரோடு 21 மாதங்கள் நிறைவடைய வேண்டும். ஆகவே மே மாதத்திலேயே ஜெர்மன் ஓய்வூதியக் காப்பீட்டு அமைப்பின் இணையதளத்தில் என் சந்தா வரலாற்றுப் பத்திரத்தைக் கேட்டு எழுதினேன். பத்து நாட்களில் தபாலில் வந்தது. அதில் 12 மாதங்கள் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். நிறுவனங்கள் ஓர் ஆண்டுக்கான விவரத்தை அடுத்த ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதிக்குள்தான் அனுப்புகின்றன என்பதால், நடப்பு ஆண்டு அதில் இருக்காது என்று எனக்குத் தெரியும். 2023-இன் 12 மாதங்களாவது இருந்தாக வேண்டும். பத்திரத்தில் இருந்ததோ ஒரே ஒரு வரி: 01.08.2023 முதல் 31.12.2023 வரை. முதல் நிறுவனத்தில் உழைத்த ஏழு மாதங்கள் அங்கே இல்லை.

அந்த நிறுவனம் சந்தாவையே கட்டவில்லை என்றுதான் அன்றிரவு நினைத்தேன். பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தால், மாதாமாதம் பிடித்தம் தெளிவாக இருந்தது. இரண்டாம் நாள் இரவு என் மனைவிதான் இரண்டு நிறுவனங்களின் சம்பளச் சீட்டுகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேல் மூலையில் இருக்கும் சமூகக் காப்பீட்டு எண்ணைக் காட்டினார். இந்த எண்ணில் 12 இடங்கள் உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் எண்ணை வழங்கிய காப்பீட்டு அமைப்பின் குறியீடு. அடுத்த ஆறும் பிறந்த நாள், மாதம், ஆண்டு. அதன்பின் ஓர் எழுத்து. பிறகு இரண்டு இலக்க வரிசை எண். கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். இரண்டு சீட்டுகளிலும் பிறந்த தேதி ஒன்றுதான். ஆனால் நடுவில் இருந்த எழுத்து ஒன்றில் "எஸ்", மற்றொன்றில் "எம்".

அந்த எழுத்து, பிறந்தபோது ஒருவருக்கு இருந்த குடும்பப் பெயரின் முதலெழுத்து. எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 2014-இல் எடுத்த என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்க, என் பெயரும் அப்பாவின் பெயரும் சேர்ந்து இயற்பெயர் என்ற கட்டத்தில் நின்றன. முதல் நிறுவனத்தின் பணியாளர் பிரிவு கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டது. அது அப்பாவின் பெயர், அதனால் "எஸ்". இரண்டாவது நிறுவனம் என் குடியிருப்பு அட்டையைப் பார்த்துப் பதிந்தது. அதில் இரண்டு பெயர்களும் சேர்ந்து குடும்பப் பெயர் இடத்திலேயே அச்சாகியிருந்தன. முதலில் நிற்பது என் பெயர், அதனால் "எம்". வந்த புதிதில் தங்கிய தற்காலிக அறையின் தபால் பெட்டியில் என் பெயர் ஒட்டப்படவில்லை. இங்கே பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் கடிதம் வந்து சேராது. எனவே முதல் எண்ணைத் தெரிவித்த கடிதம் என் கைக்கு வரவே இல்லை. இரண்டாவது நிறுவனம் கேட்டபோது, எனக்கு அப்படி ஓர் எண் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் புதிதாக ஒன்று பெற்றுத் தந்தார்கள். காப்பீட்டு அமைப்பின் பார்வையில், ஒரே நாளில் பிறந்த இரண்டு வெவ்வேறு மனிதர்களாக நான் இருந்தேன்.

இதைத் தீர்க்கப் பணம் கொடுத்து வழக்கறிஞரிடம் போக வேண்டியதில்லை. ஓய்வூதியக் காப்பீட்டு அமைப்புக்காக ஊதியம் பெறாமல் ஆலோசனை சொல்லும் தன்னார்வலர்கள் பல ஊர்களிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். எங்கள் நகராட்சிக் கட்டடத்தில் வாரம் ஒருநாள் அமரும் ஒரு பெரியவரிடம் நேரம் வாங்கிக்கொண்டு போனேன். அவர் என் தாள்களை ஒவ்வொன்றாக வாங்கி, மர அளவுகோல் ஒன்றை வரிக்கு வரி நகர்த்தி வைத்துப் படித்தார். பிறகு நிமிர்ந்து, பிறந்தபோது உங்கள் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். எங்கள் ஊரில் குடும்பப் பெயர் இல்லை, அப்பாவின் பெயரை முன்னாலோ பின்னாலோ சேர்த்துக்கொள்வோம், பெரும்பாலும் அதன் முதலெழுத்தை மட்டும் என்று என் அரைகுறை ஜெர்மனில் விளக்கினேன். அப்படியானால் உங்கள் அப்பாவுக்கும் உங்களுக்கும் பொதுவான பெயரே இல்லையா என்று வியந்து கேட்டார். இல்லை, நான் அவர் பெயரைச் சுமக்கிறேன், அவர் என் தாத்தாவின் பெயரைச் சுமக்கிறார் என்றேன். அவர் அதை அப்படியே ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பிறகு நாங்கள் எழுதிய கணக்குத் தெளிவுபடுத்தும் விண்ணப்பத்தின் விளக்கக் கடிதத்தில் அந்த வாக்கியத்தையும் சேர்த்தார். இந்த நாட்டு அலுவலகங்களைப் பற்றி நம்மவர்கள் எத்தனையோ குறைகள் சொல்வார்கள். எனக்கும் சில உண்டு. அந்த அளவுகோலின் பொறுமையை நான் மறக்க மாட்டேன்.

விண்ணப்பத்துடன் கடவுச்சீட்டின் நகல், இரண்டு வேலை ஒப்பந்தங்கள், இரண்டு நிறுவனங்களும் தந்த ஆண்டு வரிச் சான்றுகள், ஏழு மாதச் சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் வைத்து ஜூன் மாதத்தில் அனுப்பினேன். அக்டோபர் கடைசியில் பதில் வந்தது: ஓர் எண் முடக்கப்பட்டு, இரண்டு கணக்குகளும் ஒன்றாக்கப்பட்டன. இணைக்கப்பட்டிருந்த புதிய பத்திரத்தில் 01.01.2023 என்ற தேதியைப் பார்த்தபோது, ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து அம்மாவிடம் அதை வாசித்துக் காட்டினேன். செப்டம்பரில்தான் முதன்முதலாகக் கேட்டுப் பார்ப்பது என்று இருந்திருந்தால், விண்ணப்பம் இன்னும் பல மாதங்கள் தள்ளிப்போயிருக்கும். ஆகவே இந்தப் பத்திரத்தை முதல் வேலையாக, ஓர் ஆண்டுக்கு முன்பே வாங்கிப் பாருங்கள். வேலை மாறியவர்கள் பழைய சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் வைத்து அந்த ஓர் எழுத்தை ஒப்பிடுங்கள்.

அதே கோடையில் என் கடவுச்சீட்டும் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. நிரந்தர அனுமதிக்குக் காலக்கெடு இல்லை என்றாலும், அதைத் தாங்கும் அட்டைக்கு உண்டு. கடவுச்சீட்டின் காலத்தைத் தாண்டி அட்டை தரப்படுவதில்லை. சில மாதங்களே மீதமுள்ள கடவுச்சீட்டோடு விண்ணப்பித்தால், மறுபடியும் 67 யூரோ கட்டி வேறு அட்டை எடுக்க நேரும். எனவே முதலில் கடவுச்சீட்டைப் புதுப்பித்தேன். அப்போது குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பிவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். நிரப்பினால் வாடகை ஒப்பந்தம், வங்கி, மருத்துவக் காப்பீடு, மகளின் பிறப்புச் சான்று என எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும் என்பதால் அப்படியே விட்டேன். ஆனால் இன்னும் ஊரிலேயே இருந்து, வெளிநாடு வரத் திட்டமிடுபவர்களுக்கு என் கருத்து வேறு: முதல் விசா முத்திரை விழும் முன்பே, எது இயற்பெயர், எது குடும்பப் பெயர் என்று முடிவு செய்து கடவுச்சீட்டில் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

மொழித் தேர்வுக்கு வருகிறேன். 27 மாதங்கள் பொறுத்திருந்து ஏ1 தேர்ச்சியுடனே வாங்கிவிடலாமே என்று நண்பர்கள் பலர் சொன்னார்கள். சட்டப்படி அது சரிதான். ஆனால் மகளின் மழலையர் பள்ளிக் கூட்டத்தில் பிற பெற்றோர் சிரிக்கும்போது காரணம் புரியாமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஜெர்மன் மொழி கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோயத்தே நிறுவனத்தின் பி1 தேர்வில் வாசித்தல் 65 நிமிடம், கேட்டல் 40 நிமிடம், எழுதுதல் 60 நிமிடம், பேசுதல் சுமார் 15 நிமிடம். ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 எடுக்க வேண்டும். நான்கையும் தனித்தனியாக எழுதலாம் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய உதவி. எனக்குக் கேட்டலில் 56 வந்து தவறியது. அதை மட்டும் ஆறு வாரங்கள் கழித்து மீண்டும் எழுதினேன். பாடப்புத்தகத்தைவிட, காலையில் ரயிலில் கேட்ட உள்ளூர் வானொலிச் செய்திகளே எனக்குக் காதைத் திறந்துவிட்டன.

ஜெர்மனியில் வாழ்க்கை என்ற பொது அறிவுத் தேர்வு அந்த அளவுக்குக் கடினமில்லை. 310 வினாக்கள் முன்கூட்டியே வெளியிடப்பட்டிருக்கின்றன. அவற்றிலிருந்து 33 வரும், அதில் மூன்று நாம் வாழும் மாநிலத்தைப் பற்றியவை. 15 சரியாக இருந்தால் தேர்ச்சி. 17 எடுத்தால் பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்துக்கும் அதே சான்று உதவும். கட்டணம் 25 யூரோ. தேர்வு ஒரு மணி நேரம்தான்; ஆனால் இடம் கிடைக்கவும், எழுதியபின் சான்று வரவும் வாரக்கணக்கில் ஆகும். ஆகவே இதைக் கடைசிக்கு வைக்காதீர்கள். வினாக்களை மனப்பாடம் செய்து எழுதிவிடலாம்தான். இருந்தாலும் கூட்டாட்சி, மாநிலங்களின் அதிகாரம், அரசியலமைப்பு நீதிமன்றம் பற்றிய பகுதிகளை நான் பொருளுணர்ந்து படித்தேன். வரி கட்டும் நாடு எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அங்கே நிரந்தரமாக இருக்கக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மற்றவை எளிது. வாடகை ஒப்பந்தத்தில் வீட்டின் பரப்பளவு எழுதியிருக்க வேண்டும்; ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு 12 சதுர மீட்டர், அதற்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு 10 என்பது பொதுவான அளவுகோல். எங்கள் மூவருக்கும் 34 போதும், வீடு 58. நிறுவனத்திடமிருந்து, வேலையிலிருந்து விலக்கும் அறிவிப்பு எதுவும் தரப்படவில்லை என்று எழுதிய கடிதத்தை வாங்க வேண்டும். எங்கள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகம் அண்மையில் எழுதப்பட்டதாகக் கேட்டதால், அதை மட்டும் கடைசியாக வாங்கினேன். மருத்துவக் காப்பீட்டுச் சான்று ஒரு நாளில் கிடைத்துவிடும். கையிலிருக்கும் ப்ளூ கார்டு முடியுமுன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதில் மட்டும் கவனம் தேவை. காலத்தோடு விண்ணப்பித்தவருக்கு, முடிவு வரும்வரை பழைய உரிமை தொடர்வதாகவே சட்டம் கருதுகிறது.

2025 மார்ச்சில் எனக்கு நேரம் கொடுத்தார்கள். மேசைக்கு அப்பால் இருந்த பெண் அதிகாரி மொழிச் சான்றை ஒரு பார்வை பார்த்து ஓரமாக வைத்தார். ஓய்வூதியப் பத்திரத்தை எடுத்து, மாதங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். 2024-இன் மாதங்களும் அதற்குள் பதிவாகிவிட்டிருந்ததால் எண்ணிக்கை 24-இல் நின்றது. கணக்கு இணைப்புக் கடிதத்தையும் நான் உடன் வைத்திருந்தேன். பெயர் ஏன் இரண்டு விதமாக இருக்கிறது என்று அவர் கேட்க வாயெடுத்தபோது அதை நீட்டினேன். படித்தார், நகலெடுத்துக்கொண்டார். 113 யூரோ கட்டினேன். இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல் ரேகைகளையும் பதிந்துகொண்டார்கள். அட்டை பெர்லினில் அச்சாகி வர ஆறு வாரங்கள் ஆகலாம் என்றார்கள். ஐந்தாவது வாரத்தில் வந்தது. காலக்கெடு இருக்க வேண்டிய இடத்தில் கடவுச்சீட்டின் தேதியும், அதற்குக் கீழே அந்த நீண்ட ஜெர்மன் சொல்லும் இருந்தன. பெயர் இருக்கும் இடத்தில், முன்பு போலவே, நானும் அப்பாவும் ஒரே வரியில் நின்றோம்.